முழ மீன்

லிங்சோ ஏரிக்கரையில் இருக்கிற படகுக் கொட்டகையின் உட்சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. அந்த வருடத்தில் பிடிபட்ட பெரிய மீன்களின் படங்களை அதில் குத்தி வைப்பார்கள். டெனிஷ்காரர் அபோர என்கிற வரிமீனுக்குத்தான் அங்கே மதிப்பு. பச்சை முதுகு, கறுப்புப் பட்டை, சிவந்த செட்டை, கவனமில்லாமல் தொட்டால் குத்திவிடுகிற முதுகு முள். முப்பது சென்ரிமீற்றரைத் தாண்டிய அபோர என்றால் அதைப்பற்றிக் கோப்பி குடிக்கும்போது கதைப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் படம் பலகைக்கு வரும். ஐம்பது என்பது அங்கே ஒருவரும் கண்ணால் காணாத மீன். ஆனால் ஒவ்வொருவருடைய மச்சானும் எப்போதோ ஒருக்கால் பிடித்திருப்பார்.

பாலேந்திரா அந்தப் பலகைக்குக் கீழே நின்று, வலதுகைச் சட்டையை மேலே மடித்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினார்.

"இவ்வளவு," என்றார். "மூக்கு இங்கே. வால் இங்கே."

இடதுகைச் சுட்டுவிரல் வலது முழங்கையில் தொடங்கி நடுவிரல் வரைக்கும் ஓடியது. அந்த நடுவிரலும் பக்கத்து விரல்களும் முழுதாக நிமிரமாட்டா. ஸ்கீவ ஊருக்கு வந்த காலம் தொட்டு ஓய்வு பெறும் நாள்வரை இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடை எலும்பு பிரித்த கை அது. கத்தியை வைத்துவிட்டு வந்து வருடங்களாகியும் விரல்கள் இன்னும் கத்திப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து கிடந்தன.

ஒக்ரோபர் மாதத்து மழை தகரக் கூரையில் சடசடத்தது. உள்ளே ஐந்தாறு பேர் ஈரச் சப்பாத்துகளோடு இருந்தார்கள். மீன்பிடிச் சங்கத் தலைவர் பிரேபன், முந்தி பஸ் ஓட்டினவர், கோப்பிக் கேத்தலை வைத்துவிட்டு எழும்பி வந்து பாலேந்திராவின் தோளில் தட்டினார்.

"நல்ல மீன்! படத்தைக் கொடு. பலகையில் போடுவோம்."

"படம் எடுக்கவில்லை."

"சரி. விடுவதற்கு முதல் யாராவது பார்த்தார்களா?"

"விடவில்லை," என்றார் பாலேந்திரா. சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. "சாப்பிட்டாயிற்று. எஸ்பியர்க்கிலிருந்து சம்மந்தி வீட்டார் வந்திருந்தார்கள். குழம்பு. அருமையான குழம்பு."

பிரேபன் தோளிலிருந்து கையை எடுத்தார். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பிளெமிங் சுற்றுவதை நிறுத்தினான். பலகையின் உச்சியில் இருந்தது அவனுடைய படம். மீனைப் பிள்ளைபோல ஏந்திக்கொண்டு நிற்பான். கீழே, நாற்பத்துநாலு.

"பாலேந்திரா," என்றான் பிளெமிங், "வாசலில் இருக்கிற அறிவித்தலைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். நாற்பது."

"நாற்பதுக்கு மேலே இருந்தால்?"

"மேலே இருந்தால் எடுக்கலாம். சின்னதைத் திருப்பி விடவேண்டும். இது கூடவா தெரியாது?"

பிளெமிங் எழும்பினான். கோபம் இல்லை, ஒருவிதமான திருப்தி. "பெரிசைத்தான் திருப்பி விடவேண்டும். இந்த வசந்தத்திலிருந்து. நாற்பதுக்கு மேற்பட்ட அபோர எல்லாமே. எடுத்தால் ஒரு வருடத்துக்கு மீன்பிடி அட்டை இல்லை. இது கூட்டத்தில் வாக்கெடுத்த விசயம். உன் மகள்தானே எழும்பி நின்று பேசினாள்?"

பாலேந்திரா மடித்த சட்டைக் கையை மெல்லக் கீழே இறக்கி, பொத்தானைப் போட்டார். வளைந்த விரலால் பொத்தான் போடக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் எல்லோரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிரேபன் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை காலையில் செயற்குழு கூடுகிறது. வந்து சொல்லு. கையால் காட்டினதுதானே, சரியான அளவு இல்லையே. அதற்குள் யாரும் ஒன்றும் முடிவு கட்டவேண்டாம்."

பாலேந்திரா சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அந்த அறிவித்தலை நின்று பார்த்தார். மீன் ஒன்று வரைந்து, நாற்பது என்று பெரிய எழுத்து. கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. வசந்தம் தொட்டு அந்த வழியால்தான் போய்வந்தார். மீனையும் நாற்பதையும் கண்டார். மீதி அவருக்குத் தெரிந்த விசயம்தானே. சின்னது வளரட்டும் என்று விடுவதும் பெரிசைச் சட்டிக்குக் கொண்டுபோவதும் உலகத்தில் எந்தக் கரையிலும் உள்ள வழக்கம். பெரிசை விட்டுவிட்டுக் குஞ்சைக் கொண்டுபோய்த் தின்னச் சொல்லுகிற ஊர் ஒன்று இருக்குமென்று யார் நினைப்பார்கள்?

நடந்ததற்கெல்லாம் ஆதிகாரணம் சம்மந்தி அருமைநாயகிதான் என்று பாலேந்திராவுக்கு ஒரு எண்ணம் இருந்தது. மகள் சாரங்கியைக் கட்டின கஜதீபனுடைய தாய். எஸ்பியர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. கடல் மீனைத் தவிர வேறொன்றும் மீனில்லை என்பது அவவுடைய கொள்கை.

"அண்ணை, உங்கடை குளத்து மீனை நாங்கள் தூண்டிலிலை இரையாய்ப் போடுவம்," என்பா. "சேத்து மணம் போகாது. விரல் நீளத்திலை ரெண்டு முள்ளை வைச்சுக்கொண்டு மீனெண்டுறியள்."

ஒவ்வொரு முறையும் இதே கதை. கோயில் திருவிழாவில், பிறந்தநாள் வீட்டில், நாலு பேர் இருக்கிற இடத்தில். எல்லோரும் சிரிப்பார்கள். பாலேந்திராவும் உதட்டால் சிரிப்பார். அடுத்த நாள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏரிக்குப் போவார்.

உருளைக்கிழங்கு விடுமுறை என்கிற ஒக்ரோபர் பள்ளி விடுமுறைக்கு அருமைநாயகி ஸ்கீவவுக்கு வருவதாகச் சொன்னபோது, அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய அவர் படகை எடுத்தார். மேற்குக் காற்று ஏரியைச் சுருக்கிச் சுருக்கி விரித்தது. நாணல் முடிகிற இடத்தில், தண்ணீர் திடீரென்று ஆழமாகிற ஒரு விளிம்பு உண்டு. அது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொன்னதில்லை. மண்புழுவைக் கோர்த்து இறக்கிவிட்டுக் காத்திருந்தார். கை விறைத்தது. மூக்கு ஒழுகியது. சின்னன் சின்னனாய் வந்ததையெல்லாம் கழற்றி விட்டார். போகலாம் என்று நினைத்த நேரத்தில் தூண்டில் ஒருமுறை ஆடவும் இல்லை, அப்படியே கனத்தது. கல்லில் மாட்டிவிட்டது என்றே நினைத்தார். பிறகு கல் நடக்கத் தொடங்கியது.

மீன் மேலே வந்தது. கூனல் விழுந்த முதுகு, அகன்ற வயிறு, நெருப்புக் கொள்ளி மாதிரி செட்டை. படகின் குறுக்குப் பலகையில் கிடத்தி, பக்கத்தில் வலது கையை வைத்து, நிமிராத விரல்களை இடது கையால் அழுத்தி நிமிர்த்திப் பார்த்தார். மூக்கு முழங்கையோடு நின்றது. வால் நடுவிரல் நகத்தைத் தொட்டது. ஒரு முழம். அந்த ஏரிநடுவில், ஒருவரும் இல்லாத இடத்தில், பாலேந்திரா பலத்துச் சிரித்தார்.

மனைவி ஞானேஸ்வரி அதைக் கண்டு வாயில் கை வைத்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாதி நாள் வேலை செய்கிறவள்; அன்று விடுமுறை. செதிளோ கல்லுப்போலப் பிடித்திருந்தது. கொதிதண்ணீர் ஊற்றிச் சுரண்டி, தேசிக்காயும் மஞ்சளும் உப்பும் பூசி வைத்து, சேற்று மணம் போகக் கழுவி, பழப்புளி கரைத்து, வறுத்த தூள் போட்டு, வெந்தயம் தூக்கலாய், முதல் பாலைக் கடைசியில் விட்டு இறக்கினாள். தலையைச் சொதிக்குப் போட்டாள். புட்டு அவிந்தது. சாரங்கிக்கு அன்று வேலை, அவள் வரவில்லை. அருமைநாயகி முதல் தரம் போட்டதை வழித்துச் சாப்பிட்டா. இரண்டாம் தரம் அவவே சட்டியை இழுத்துப் போட்டா.

"அண்ணை, சும்மா சொல்லக்கூடாது," என்றா. "மீனெண்டால் மீன்தான். எவ்வளவு பெரிசு வந்தது?"

பாலேந்திரா கையை நீட்டிக் காட்டினார். "முழம்."

"முழமோ!"

"பாலேந்திரா சொன்னால் சொன்னதுதான்," என்றார் அவர்.

அன்று இருந்த சந்தோசம் மறுநாள் கொட்டகைக்குப் போகச் சொன்னது. அவ்வளவுதான்.

சாரங்கி வந்தது செவ்வாய்க்கிழமை பின்னேரம், மருந்துக்கடை வேலை முடிந்து நேரே. கோட்டைக் கழற்றவில்லை. குசினி வாசலில் நின்றபடியே டெனிஷில் பொரிந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, சின்னப்பிள்ளையிலிருந்தே அப்படித்தான்.

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே! ஒரே ஒரு தடவை! நான் ரெலிபோனில் சொன்னேன், அப்பா, புதுச் சட்டம் வந்திருக்கு, நாற்பது என்று. என்ன சொன்னீர்கள்?"

பாலேந்திரா தமிழில் சொன்னார்: "தெரியும் எண்டு சொன்னன்."

"எல்லாம் தெரியும்! எப்பவும் தெரியும்!"

"பிள்ளை, சத்தத்தைக் குறை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"முழு ஸ்கீவவுக்கும் கேட்டாச்சு அப்பா," என்றாள், இப்போது தமிழில். அப்படியே கதிரையில் விழுந்தாள். "பிளெமிங் ஒருத்தரையும் விடேல்லை. எல்லாருக்கும் சொல்லிப்போட்டான்."

ஞானேஸ்வரி தேத்தண்ணீர்க் கோப்பையை மகளுக்கு முன்னால் வைத்தாள். "எனக்கு இண்டைக்கு வேலையிலை முகம் குடுக்கேலாமல் போச்சு. பிளெமிங்கின்ரை தாய் எங்கடை இல்லத்திலைதானே இருக்கிறா. மத்தியானச் சாப்பாடு வைக்கப் போறன், அந்த மனுசி என்னைப் பாத்து, நல்ல ருசியோ எண்டு கேக்கிறா."

"நீ என்ன சொன்னனி?" என்று பாலேந்திரா கேட்டார்.

"ஓம், நல்ல ருசி எண்டுதான் சொன்னன். பொய்யே?"

சாரங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். பாலேந்திரா சிரிக்கவில்லை.

"முதல்லை இதைச் சொல்லு," என்றார். "உப்பிடி ஒரு சட்டத்தை ஏன் கொண்டுவந்தனீங்கள்? ஆர் கேட்டது? குஞ்சைத் தின்னு, கிழட்டை விடு எண்டு."

"அந்தக் கிழடுதான் அப்பா குளத்தையே வைச்சிருக்கிறது. உங்கடை மீனுக்குப் பன்னிரண்டு, பதினைஞ்சு வயசு இருந்திருக்கும். உந்தப் பெரிசெல்லாம் பொம்பிளை மீன். ஒவ்வொரு வருசமும் லட்சக்கணக்கிலை முட்டை போடும். சின்ன மீனுகளைத் தின்னுறதும் அதுதான். இல்லாட்டில் பாசி தின்னுற பூச்சியளைச் சின்ன மீனுகள் முடிச்சு, தண்ணி பச்சையாப் போயிடும். போன கோடை கண்டனீங்கள்தானே?"

கண்டிருந்தார். பச்சைப் பாசி கரையில் பாயாசம்போலத் திரண்டு நாறினது. அதைச் சொல்லவில்லை.

"பெரிசு எண்டால் தின்னுறதுக்குப் பெரிசில்லை அப்பா. பிடிச்சு, பாத்து, அளந்து, படமெடுத்து, திருப்பி விடுறதுக்குப் பெரிசு."

"விடுறதுக்கு ஏன் பிடிப்பான்?"

சாரங்கி கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சின்னவளாயிருந்தபோது படகின் முன்பக்கத்தில் அவளை இருத்தி, புழுப்பெட்டியைக் கையில் கொடுத்து, அவர்தான் அந்த ஏரிக்குக் கொண்டுபோனார். இப்போது சங்கத்தின் செயற்குழுவில் இருக்கிற முதல் தமிழ்ப்பெயர் அவளுடையது. தெரிவான நாளில் எஸ்பியர்க்குக்கும் ஒடென்சேக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னவர் பாலேந்திரா.

"கேளுங்கோ," என்றாள் கடைசியில், குரலைத் தணித்து. "பிரேபன் எனக்கு ரெலிபோன் எடுத்தவர். அவருக்கு உங்களிலை விருப்பம். அளந்த சாட்சி ஒண்டும் இல்லை, மீனும் இல்லை. நீங்கள் வந்து, ஒரு முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது இருக்கும், நான் சந்தோசத்திலை கொஞ்சம் கூட்டிக் காட்டிப்போட்டன் எண்டு சொன்னால் போதும். எல்லாரும் சிரிச்சுப்போட்டு விட்டிடுவினம். மீன்பிடிகாரர் எல்லாரும் கூட்டித்தானே சொல்லுறவை."

"நான் கூட்டிச் சொல்லேல்லை."

"எனக்குத் தெரியும் அப்பா."

"பேந்தென்ன?"

"பேந்து, அளவு கூட எண்டால் அட்டையைப் பறிக்கோணும். பறிக்கிறதோ இல்லையோ எண்டு கை தூக்கோணும். அங்கை இருக்கிற கையளிலை என்ரை கையும் ஒண்டு."

அவள் போனபிறகு ஞானேஸ்வரி மேசையைத் துடைத்தபடி சொன்னாள்: "இஞ்சாருங்கோ. ஒரு சின்னச் சொல்லு. முப்பத்தொன்பது எண்டு சொன்னால் வாய் நொந்துபோகுமே?"

"நீ பாத்தனிதானே அந்த மீனை?"

"பாத்தனான். வெட்டினதும் நான்தான். என்ரை பெரிய தாச்சிச் சட்டிக்குள்ளை வால் அடங்கேல்லை."

"பேந்தேன் கேக்கிறாய்?"

"உங்களுக்காண்டிக் கேக்கேல்லை. பிள்ளைக்காண்டிக் கேக்கிறன்."

அந்தக் கிழமை முழுக்க மழை விடவில்லை. பீற்றூட் ஏற்றின உழவு இயந்திரங்கள் தெருவெல்லாம் சேற்றைக் கொட்டிக்கொண்டு போயின. பாலேந்திரா ஏரிப்பக்கம் போகவில்லை. தூண்டிலைத் துடைத்தார், துடைத்ததைத் திரும்பத் துடைத்தார். கடைக்குப் போனால் பாண் அலுமாரிக்குப் பக்கத்தில் யாரோ குசுகுசுப்பது போலிருந்தது. உண்மையில் குசுகுசுத்தார்களோ தெரியாது.

வெள்ளிக்கிழமை அருமைநாயகியின் ரெலிபோன் வந்தது. கஜதீபன் தாய்க்குச் சொல்லியிருக்கிறான்.

"அண்ணை, என்ன உங்கை மீனுக்கு வழக்காம்?"

"வழக்கொண்டும் இல்லை, தங்கச்சி. ஒரு கூட்டம்."

"கூட்டத்திலை முப்பத்தொன்பது எண்டு சொல்லப்போறியளாம்?"

மறுபக்கத்தில் அவ சிரிப்பது கேட்டது. கெட்ட மனசோடு சிரிக்கிற சிரிப்பில்லை. ஆனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அதுக்கென்ன அண்ணை, சொல்லுங்கோ. பிள்ளையின்ரை மானமெல்லே. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். குளத்து மீன் முழம் வராது எண்டு எனக்கு அண்டைக்கே ஒரு யோசினை. வெட்டின பிறகுதானே நான் கண்டது."

ரெலிபோனை வைத்தபிறகும் அவர் அந்த இடத்திலேயே நின்றார். பெரிசு என்று சொன்னால் மகள் வேலி கட்டின தோட்டத்தில் புகுந்து தின்ற மாடு. சின்னன் என்று சொன்னால் புளுகன். நல்ல மீன் ஒன்றைப் பிடித்ததைத் தவிர ஒரு மனுசன் என்ன பிழை செய்தான்? பிழை இல்லையென்றும் சொல்லமுடியவில்லை. நாலு வரியை வாசித்திருக்கலாம். பிள்ளை சொன்னபோது, நாற்பது என்றால் என்ன என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அந்த ஒரு சொல் அவருடைய வாயில் வராது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத வாய்.

சனிக்கிழமை காலையில் வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டார். கலியாணவீட்டுக் கோட்டு. ஞானேஸ்வரி பார்த்துவிட்டுக் கொலரை இழுத்து நேராக்கிவிட்டாள்.

கொட்டகையில் வெப்பமூட்டி எரிந்தும் குளிர் போகவில்லை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் செயற்குழு. நடுவில் பிரேபன், ஓரத்தில் பிளெமிங், மறு ஓரத்தில் சாரங்கி. அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. மேசையில் மீன் அளக்கிற பலகை கிடந்தது. ஒரு பக்கத்தில் மூக்கை முட்டவைக்கிற சின்னத் தடுப்பு, அதிலிருந்து நீளத்துக்குக் கோடுகளும் எண்களும்.

பிரேபன் எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். பாலேந்திராவுக்குத்தான் முதலில்.

"இது பெரிய விசயமில்லை," என்று தொடங்கினார். "பாலேந்திரா எத்தனை வருடமாக எங்களோடு இருக்கிறார். அறிவித்தலைப் பிழையாக எடுத்துவிட்டார், அது யாருக்கும் வரலாம். மீன் எவ்வளவு என்பது ஒருவருக்கும் தெரியாது. பாலேந்திரா, நீயே சொல்லு. ஏறக்குறைய எவ்வளவு இருக்கும்?"

ஏறக்குறைய என்ற சொல்லை அவர் ஒரு கதிரையை இழுத்துப் போடுவதுபோல அன்பாகச் சொன்னார். உட்காரு என்று.

"நான் சென்ரிமீற்றரில் அளக்கவில்லை," என்றார் பாலேந்திரா. "கையால்தான் அளந்தேன்."

"கையால்!" என்று பிளெமிங் கதிரையில் சாய்ந்தான். "நல்லது. கை இங்கேதானே இருக்கிறது. பலகையும் இருக்கிறது. அளந்து பார்ப்போமே."

"பிளெமிங், இதென்ன விளையாட்டு?" என்றாள் சாரங்கி.

"விளையாட்டில்லை. அவர்தான் காட்டினார். எல்லோரும் பார்த்தோம்."

பிரேபன் கொஞ்சம் யோசித்தார். பாலேந்திராவின் வலது கையைப் பார்த்தார். அந்த வளைந்த விரல்களைப் பார்த்தார். ஏதோ பிடிபட்டதுபோல அவருடைய முகம் தெளிந்தது.

"சரி," என்றார். "நீதியான வழிதான். பாலேந்திரா, கோட்டைக் கழற்று. கை எப்படி இருக்கிறதோ அப்படியே வை. அப்படியே."

பாலேந்திரா கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் போட்டார். சேட்டுக் கையை மடித்தார். முழங்கையைத் தடுப்பில் முட்டவைத்து, கையைப் பலகையில் கிடத்தினார். மீனைக் கிடத்துவதுபோல அந்தக் கை கிடந்தது. கத்திக் கீறல்கள் வெள்ளை வெள்ளையாய் வரியோடின கை. விரல்கள் கத்தியைப் பிடித்த வாக்கில் உள்ளே வளைந்து, மடிந்த மூட்டுகள்தான் முன்னால் நின்றன.

பிரேபன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தொன்பதரை!" என்றார் உரத்து. குரலில் நிம்மதி. "நாற்பது இல்லை. பிளெமிங், நீயே வந்து பார். முப்பத்தொன்பதரை. விசயம் முடிந்தது. கோப்பியைக் குடியுங்கள்."

பிளெமிங் குனிந்து பார்த்தான். எண் எண்தான். மேசையின் அந்த ஓரத்தில் சாரங்கி அடக்கிவைத்த மூச்சை விட்டது பாலேந்திராவுக்குக் கேட்டது. அவள் முதன்முதலாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் தமிழில், மெல்ல. "கையை எடுங்கோ. காணும். எழும்புங்கோ."

அவர் கையை எடுக்கவில்லை.

பொய் சொல்லத் தேவையில்லை. வாயைத் திறக்கவே தேவையில்லை. சும்மா கையை எடுத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோப்பியைக் குடித்தால் போதும். பொய்யைச் சொன்னது கைதான், அவரில்லை. தொழிற்சாலையில் அத்தனை வருடமாய்த் தேய்ந்து வளைந்த கை, இன்றைக்குத்தான் அவருக்கு ஒரு உதவி செய்கிறது. அவருக்கு அந்த மீன் நினைவுக்கு வந்தது. படகுப் பலகையில் கிடந்த விதம். தாச்சிக்குள் அடங்காத வால். முப்பத்தொன்பதரை என்று அதைச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? அது செத்தும் போய்விட்டது. தன் நீளத்தைத் தானே சொல்லாது.

"நிற்கட்டும்," என்றார் டெனிஷில். "நான் இப்படி அளக்கவில்லை."

இடது கையைக் கொண்டுவந்து வலது கை விரல்களின்மேல் வைத்தார். அழுத்தினார். மூட்டு ஒன்று நெரிந்த சத்தம் மேசைக்கு அந்தப் பக்கமும் கேட்டது. விரல்கள் மெல்ல மெல்ல, பலகையில் எண்களை ஒவ்வொன்றாய் மூடிக்கொண்டு நீண்டன. அவருடைய நெற்றியில் வியர்த்தது. நடுவிரல் நகம் கடைசியில் பலகையோடு படிந்தது.

"இப்படித்தான் அளந்தேன்," என்றார். "இப்போது பாருங்கள்."

பிரேபன் பார்க்கவில்லை. பிளெமிங்தான் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்த்தான்.

"நாற்பத்தாறு," என்றான். குரல் மாறியிருந்தது.

யாரோ சீட்டியடித்தார்கள். பிறகு அது பொருத்தமில்லை என்று தோன்றி நிறுத்திக்கொண்டார்கள். பாலேந்திரா கையை எடுத்தார். விரல்கள் உடனே திரும்பவும் வளைந்துகொண்டன.

"பிழை என்னுடையது," என்றார். "வாசிக்கவில்லை. கேட்கவுமில்லை. ஆனால் மீன் நாற்பத்தாறு."

பிரேபன் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்தார். "நீ ஒரு பிடிவாதக்காரக் கிழவன்," என்றார் சலிப்போடு. பிறகு சாரங்கியிடம் திரும்பினார். "நீ விரும்பினால் வெளியே போய் நிற்கலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்."

"இல்லை," என்றாள் சாரங்கி. "இருக்கிறேன்."

"சரி. அட்டையை ஒரு வருடத்துக்கு நிறுத்துவதற்கு ஆதரவானவர்கள்?"

முதலில் எழும்பியது அவளுடைய கைதான். பாதி தூக்கி, முழங்கையை மேசையில் ஊன்றி, பட்டும் படாமலும் காட்டுகிற கையில்லை. தோளிலிருந்து நேராய், விரல் நுனிவரை நிமிர்ந்து நின்ற கை. முகம் சிவந்திருந்தது. தகப்பனைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். மற்றவர்கள் அதன் பிறகுதான் ஒவ்வொருவராய்த் தூக்கினார்கள், பிளெமிங் கடைசியாக.

பாலேந்திரா சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டார். போகிற வழியில் பலகையைப் பார்க்காமல் போக முடியவில்லை. உச்சியில் பிளெமிங் மீனை ஏந்திக்கொண்டு நின்றான். நாற்பத்துநாலு. இந்த வருடம் முடியும்வரை அதுதான் பெரிசு.

மழை விட்டிருந்தது. வள்ளத்துறையின் மரப்பலகையெல்லாம் நனைந்து கறுத்துக் கிடந்தது. சாரங்கியின் காருக்குக் கிட்டப் போகும்போது பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிளெமிங். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"பாலேந்திரா," என்றான். "ஒன்று மட்டும் கேட்கிறேன். ஏரியில் எந்த இடம்?"

பாலேந்திரா நின்றார். அவனை மேலும் கீழும் பார்த்தார். முதுகு தானாகவே நிமிர்ந்தது.

"எனக்குத் தெரியும்," என்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

கொஞ்சத்தில் சாரங்கி வந்து காரை எடுத்தாள். ஏரி கண்ணுக்கு மறைந்தது. பிறகு அவள் தெருவைப் பார்த்தபடி கேட்டாள்:

"கை நோகுதோ?"

"நோகுது."

"மாமிக்கு என்ன சொல்லப்போறியள்?"

"நாற்பத்தாறு எண்டு சொல்லுவன்."

"அட்டை போயிட்டுது எண்டதையும் சொல்லுவியளோ?"

பாலேந்திரா வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, நொந்த விரல்களை ஒவ்வொன்றாய் உருவிக்கொண்டிருந்தார்.

"அதைத்தான் முதல் சொல்லுவன்," என்றார். "முழம் இல்லையெண்டால் ஏன் பறிக்கினம்?"